முதலில் வழுக்கியது எங்கள் கம்பெனி சோல்

என் வாயாடி மலருக்கு,

நீ இல்லாத வீட்டில் சத்தமே இல்லை என்று யாராவது அங்கே வந்து சொன்னால் நம்பாதே. நம் யாழினி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் அவள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அதற்காக உன் சமையலறையை அவள் படுத்திய பாட்டை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

எல்லாம் ஒரு சறுக்கலில் ஆரம்பித்தது. பள்ளிக் குழாயடியில் புது ஷூவோடு வழுக்கி விழுந்தாள். முட்டி சிராய்ந்து வந்தவள் அழவில்லை. ஷூவைக் கழற்றி, அடிப்பக்கத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"ஷூ கம்பெனிலதான வேல செய்ற? இது ஏம்ப்பா வழுக்குது?"

ஆம்பூரில் இத்தனை வருடமாக ஷூவுக்கு அடிப்பாகம், அதாவது சோல், ஒட்டுகிற எனக்குப் பதில் தெரியவில்லை. "அப்ப இதான் என் ப்ராஜெக்ட்" என்றாள். கூட்டாளி, அவளோடு படிக்கும் பக்கத்து வீட்டு சமீனா.

எங்கள் கம்பெனியிலும் பக்கத்துக் கம்பெனிகளிலும் கேட்டு, கழித்துப்போட்ட சோல்களில் ரகத்துக்கு ஒன்றாகக் கொண்டுவந்தேன். ஒரு பலகையில் டைல்ஸ் ஒட்டி, அதில் சோப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். மேலே வரிசையாக சோல்கள், ஒவ்வொன்றின்மேலும் ஒரு உப்பு பாக்கெட். யாழினி பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்குவாள். எந்தச் சாய்வில் எந்த சோல் நழுவுகிறது என்று சமீனா பாகைமானியில் பார்த்துச் சொல்வாள். தரையெல்லாம் நுரை. ஒருநாள் நானே தொப்பென்று விழுந்தேன். "சமீனா, அப்பாவ எழுதிக்கோ, சாய்வே தேவையில்ல!" இரண்டும் சிரித்த சிரிப்பு உனக்குக் கேட்டதா?

சிக்கல் பிறகுதான் வந்தது. எத்தனை முறை செய்தாலும் ஒரே சோல்தான் முதலில் வழுக்கியது. அது எங்கள் கம்பெனியில், அதுவும் நான் வேலை செய்யும் பிரிவில் தயாராகிற சோல். கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினர் எங்கள் மேனேஜர்!

"அந்த ஒண்ண மட்டும் எடுத்துட்லாமா கண்ணு?" என்று கேட்டேன்.

"அதாம்ப்பா மொதல்ல வழுக்குது. அத எடுத்துட்டா இன்னாத்த காட்றது?"

இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். அப்படி நின்று கேட்கிறவர்களிடம் நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன், சொல்?

இன்னொரு பயமும் இருந்தது. நீ கண்மூடிய பிறகு வீட்டில் மட்டும்தான் அவளுக்கு வாய். வெளியாள் யாராவது கேள்வி கேட்டால் தலை குனிந்துவிடும். டீச்சரும் "சமீனாவே விளக்கட்டும்" என்று சொல்லிவைத்திருந்தார்.

மேனேஜர் வந்தார். சமீனா நன்றாகத்தான் தொடங்கினாள். முதல் சோல் சரிந்ததும் அவர், "இது எந்தக் கம்பெனி சோல்மா?" என்றார். சமீனா திரும்பி யாழினியைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"எங்கப்பா கம்பெனி சார்," என்றது யாழினியின் குரல். "உங்க கம்பெனியும் அதான்."

அதோடு அவள் நிறுத்தவுமில்லை. சோலின் அடியில் கோடு கோடாக இருக்கும் வரிப்பள்ளம் ஆழமில்லை, தண்ணீர் வெளியேற வழியில்லை, அதனால்தான் வழுக்குகிறது என்று பக்கத்து சோலையும் காட்டி விளக்கினாள். அவர் குனிந்து தன் ஷூவையே கழற்றிக் கொடுத்தார். "இதயும் வச்சுப் பாரும்மா." அது உப்பு பாக்கெட் வைப்பதற்குள்ளேயே சறுக்கிக்கொண்டு போனது. அவரே ஓடிப் பிடித்தார். கூடமே சிரித்தது, அவரும்தான். என்னிடம் திரும்பி, "திங்கக்கிழம இந்தப் பலகைய கம்பெனிக்கு எடுத்துனு வாப்பா" என்றார்.

கொண்டுபோனேன் மலர். எங்கள் பிரிவே சுற்றி நின்று ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்தது. வரியை ஆழமாக்கி இப்போது ஒரு சாம்பிள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சரியாக வருமா என்று இன்னும் தெரியாது.

பரிசு? இரண்டாவதுதான். முதல் பரிசு எரிமலை மாடலுக்கு. "வினிகர் ஊத்துனா பொங்கும்னு யாருக்குப்பா தெரியாது?" என்று அன்று வீடு வரும்வரை பொருமினாள். வழியில் மேனேஜர் ஷூ வழுக்கிய கதையை டீக்கடைக்காரரிடம் சொன்னாள், எதிர் வீட்டு அம்மாவிடம் சொன்னாள், யார் என்றே தெரியாத ஒருவரை நிறுத்தியும் சொன்னாள். பின்னால் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். இனி எந்தப் பெரிய மனிதர் எதிரில் நின்றாலும், "அத சொல்லாத கண்ணு" என்று அவளிடம் சொல்ல மாட்டேன். அவள் பேசட்டும். பக்கத்தில் நான் நிற்பேன்.

அவளிடம் தினமும் தோற்றுக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்,
யாழினியின் அப்பா