மூன்றாவது கிளவுட்

செவ்வாய்க்கிழமை, இரவு.

ஒரு கிளவுட் கம்பெனி படுத்துவிட்டால் இன்னொன்று கைகொடுக்கும் என்றுதான் எங்கள் ஏலக்காய்க் கடையின் ஆர்டர்களை இரண்டு கம்பெனிகளில் ஏற்றிவைத்தேன். இன்று ஏலம் தொடங்கும் நேரத்தில் முதல் கம்பெனி படுத்துவிட்டது. இரண்டாவதைத் திறந்தால் ஓடிபி கேட்கிறது. அது போவது முதலாளியின் போனுக்கு. வேறு யார் நம்பரும் கொடுக்கக் கூடாது என்பது அவர் சட்டம். அவரோ போடிமெட்டுக்கு மேலே, சிக்னலே இல்லாத எஸ்டேட்டில். எந்த ஊருக்கு எந்தக் காய் வேண்டும் என்று தெரியாமல், ஏலத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கியதுமே கத்தினார்.

"ரெண்டு இருந்தும் என்னத்தா சோலி பாக்குற? மூணாவதா ஒண்ண வெரசா சேரு."

"கோளாறு கம்பெனில இல்லண்ணே. ஓடிபி என் நம்பருக்கும் வரட்டும்."

"அதெப்படி? கடை என்னுதுல்ல?"

வீட்டுக்கு வந்து, சோறுகூடத் தின்னாமல், கம்பெனி கம்பெனியாக ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கடைசியில் மொபைல் நம்பர் கேட்டது. அவர் நம்பரைத்தான் போட்டேன். ஓடிபி அனுப்பிவிட்டதாம். அவர் இந்நேரம் தூங்கியிருப்பார். விடிந்தால் மறுபடியும் மலைக்குப் போய்விடுவார்.