குண்டுவுக்கு மூன்று வேளைத் தண்ணீர்

அன்பு மகனுக்கு, என் வலது மணிக்கட்டைத் தவிர இங்கே எல்லாரும் நலம், அங்கே நீ முழுசாக நலமா? கையில் மாவுக்கட்டு, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. அம்மா தேடும் மூக்குக்கண்ணாடி என் பையில்தான் இருக்கிறது.)

ஜன்னலோரம் நீ விட்டுப்போன குண்டு இலைச் செடியைப் பற்றித்தான், பதறாமல் படி. மண் நன்றாகக் காய்ந்த பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஊத்தினா போதும்மா, இலையிலேயே தண்ணி வச்சிருக்கும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, தினம் காலையில் யாருக்கும் தெரியாமல் ஒரு டம்ளர் ஊற்றினேன். நான் மறந்துவிடுவேன் என்று உன் அப்பா சாயங்காலம் ஒரு டம்ளர், நடுவில் இந்த வாலு தன் பாட்டில் மிச்சத்தை ஊற்றியிருக்கிறாள். (அப்பா ஊற்றும்போது, வேலையெல்லாம் எப்படிப் போகுதுப்பா என்று அதனிடம் விசாரிப்பார். போனில் உன்னிடம், இரு அம்மாகிட்ட தர்றேன் என்பதைத் தாண்டாத அதே அப்பா!) மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய் தொட்டி வழிந்து தரையெல்லாம் ஈரம், நான் வழுக்கி விழுந்தேன், மூவர் குட்டும் உடைந்தது. எப்படி விழுந்தீங்க என்று டாக்டர் கேட்டதற்கு, பாசம் வழுக்கிடுச்சு டாக்டர் என்றார் உன் அப்பா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

செடி தண்டோடு அழுகிவிட்டதப்பா, மன்னித்துக்கொள். தப்பியது இரண்டே இலை. நிழலில் நாலு நாள் காயவைத்து வறண்ட மணல்மேல் கிடத்தினோம், ஒன்று சுருங்கிவிட்டது, இன்னொன்றில் நேற்று நூல் மாதிரி ஒரு வேர். (நோயாளியைப் பார்க்க அனுமதி இல்லை என்று தொட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.) வாரம் ஒரு தடவை பேசினா போதும்மா என்று நீ சொன்னபோது எனக்கு முகம் தொங்கிப்போனது. இப்போது புரிகிறது, இனி தினம் மூன்று தடவை கூப்பிட மாட்டேன், ஞாயிறு மட்டும்தான். வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு தூங்காதே, எங்கே இருந்தாலும் செழிப்பாக இரு.

இப்படிக்கு,
ஊற்றும் கை கட்டுண்ட உன் அம்மா

(அண்ணா, அப்பா இன்னமும் சாயங்காலம் டம்ளரோடு ஜன்னல்வரை போகிறார், நான் ஒட்டியதைப் படிக்கிறார், தண்ணீரைத் தானே குடித்துவிட்டுத் திரும்புகிறார். ஞாயிற்றுக்கிழமை, அம்மாகிட்ட தர்றேன் என்றால் விடாதே.)