அருவிச் சத்தத்துக்கு மேலே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நார்வே மலைகளில் காரில் போய்க்கொண்டே நீங்கள் மெயிலில் அனுப்பிய படங்கள் வந்தன. மலைக்குள் புகுந்த கடல், பனியாறு, அருவிகள். "எம்புட்டுத் தண்ணி பாருங்க!" என்று அம்மா வண்டியூரில் எல்லோருக்கும் காட்டுகிறாள்.

பனியாற்றுப் படத்தில் உன் கையில் கட்டு இருப்பதை அவள் கவனிக்கவில்லை.

உடனே மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"ஐஸ்ல வழுக்கிட்டா மாமா."

போன முறை கதவில் இடித்துக்கொண்டாய் என்றார்.

"அவகிட்டக் குடுங்க மாப்ள."

"தூங்குறா."

அருவிச் சத்தத்துக்கு மேலே நீ அழுவது எனக்குக் கேட்டது. அவர் போனை வைத்துவிட்டார்.

அதனால்தான் இதை உன் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். டிராவல்ஸில் போய், நான் அங்கே வர வழி கேட்டேன்.

"விசாவுக்கு உங்க மருமகன்தான் அழைப்பு அனுப்பணும் சார்" என்றார்கள்.

உன்
அப்பா