சோறுண்ணக் கூப்பிடும் பெயர்

மங்கலம் நிறைக. கழியில் நீரும், பாத்தியில் உப்பும், தொட்டிலில் பிள்ளையும் குறைவறப் பெருகுக.

கடல்முகம் காத்தவரும், இருகரைக் காவலரும், புயலுக்கு அஞ்சாப் பெருங்கலம் உடையவரும், பகைவர் பாய்மரம் பறித்தவரும், தம் ஒரு குடை நிழலில் நாடெல்லாம் இருத்தி ஆள்பவருமாகிய செங்கழிப் பெருவேந்தர்க்கு யாண்டு ஆறாவது; அவர்க்கு வயதும் அதுவே. அவ்வாண்டில் பிள்ளைகள் பள்ளியில் ஏடு தொடங்கும் நாளின் மாலைப் பொழுதில், அவர்பொருட்டு அரசு நடத்தும் அன்னையார் கொற்றநங்கைத் தேவியார் சொல்ல, அரண்மனை ஓலைக்காரன் பூதன் எழுதிய ஓலை. குளக்கரைப் பள்ளியின் ஆசான் மருதங்காடனார் காண்க. ஆசானுக்கும், அவரிடம் எழுத்தறியும் பிள்ளைகளுக்கும், அவர்களைத் தாங்கும் மணலுக்கும் நலம் உண்டாகுக.

ஆசான் நண்பகலில் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. சிறுமி ஒருத்தி காவற்கூடத்தில் இருக்கும்வரை பள்ளி திறக்கப்படாது என்றும், கூப்பிடப் பெயரில்லாத பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தரத் தமக்குத் தெரியாது என்றும் அதில் கண்டிருந்தது. வாழ்த்தும் இல்லை, வணக்கமும் இல்லை. ஓலைக்காரனுக்குச் சுருக்கென்றது. தேவியார் மட்டும் அதை மீண்டும் ஒருமுறை படித்து மடியில் வைத்துக்கொண்டார். பள்ளியில் நடந்தது ஆசானுக்குத் தெரியும், அரண்மனையில் நடந்தது தெரியாது, அதை ஒளிக்காமல் எழுது என்று பின்னர் பணித்தார். அதனால் இவ்வோலை நீண்டது, ஆசான் பொறுத்தருள்க.

இன்று விடிந்ததிலிருந்தே தேவியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தோணிக்காரர் பிள்ளையும் வேந்தர் பிள்ளையும் ஒரே மணலில் விரல்வைத்து எழுத்தறிவது இந்நாட்டு வழக்கம் என்பதை ஆசான் அறிவார். ஆயினும் இதுவரை பள்ளிக்குப் போனவர்கள் எல்லாரும் இளவரசர்கள். முடிசூடிய வேந்தரே பல் விழுந்த வாயோடு பள்ளிக்குப் போவது இதுவே முதல் முறை. குழந்தை வாசலைத் தாண்டியதும் தேவியார் மேன்மாடம் ஏறிக் குளத்துக்கு அப்பால் தெரியும் பள்ளிக் கூரையைப் பார்த்தார், இறங்கினார், மறுபடியும் ஏறினார். கட்டுச்சோற்றில் காரம் குறைவுதானா என்று மடைப்பள்ளிக்காரரைக் கேட்டார். அவர் ஆமென்று சொல்லிப் போனபின் மீண்டும் அழைத்துக் கேட்டார். பல்லக்கு கொண்டுவரச் சொல்லி, வேண்டாமென்று சொல்லி, மறுபடியும் கொண்டுவரச் சொன்னதில், ஓரடியும் போகாமலேயே பல்லக்குத் தூக்கிகள் களைத்துப்போனார்கள்.

பல்லக்கு முற்றத்தில் நிற்கும்போதே வாயிற்காவலர் இருவர் ஒரு சிறுமியை நடுவில் நடத்திக்கொண்டு வந்தார்கள். ஈட்டிகளின் உயரத்தில் பாதிகூட அவள் இல்லை. தேவியார் விசாரித்தபோது மூத்தவன் தலையைச் சொறிந்தான். "பள்ளிக்கூட வாசல்ல காவல் நின்னோம் தாயே. அரசர் இவளைச் சிறையில இடுகன்னாரு. அரசர் வாயில வந்த சொல்லு, நாங்க என்ன பண்றது?" என்றான். இளையவன், சிறுமி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள் என்றும், அழவில்லை என்றும், அவர்கள்தாம் அழும் நிலையில் இருந்தார்கள் என்றும் விண்ணப்பித்தான்.

ஆசான் கண்டதே ஆயினும், இளையவன் மேலும் சொன்னதாவது: பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து தம் பெயரைச் சொல்ல, ஆசான் அதை ஓர் ஏட்டில் கீறி மஞ்சள் தடவி அவரவர் கையில் கொடுத்துவந்தார். அரசர் முறை வந்தது. அரசர் எழுந்து, நாள்தோறும் காலையில் கட்டியக்காரர் கூவக் கேட்டபடியே, கடல்முகம் காத்தது முதல் ஒரு குடை நிழல் வரை ஒன்றும் விடாமல் சொன்னார். ஏட்டில் பாய்மரம் பறித்தது வரைக்கே இடம் இருந்தது. அப்போது பக்கத்தில் இருந்த இச்சிறுமி, தோணிக்காரர் மகள் தத்தை, "அது சரி, சோறு திங்க உங்கம்மா என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள். "அரசே, அமுது செய்ய எழுந்தருள்க என்பார்கள்" என்று அரசர் உண்மையையே சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். தத்தை சிரிக்கவில்லை. "அது பேரு இல்லையே" என்றாள். அதன்பின் வந்ததே அவ்வாணை.

அரசர் எவ்வாறு பெயரின்றி வளர்ந்தார் என்பதை ஆசான் அறியமாட்டார். அரசரின் தந்தையாராகிய பெரிய வேந்தர் கடற்கொள்ளைக்காரரை விரட்டிக் கடலேறி, கலத்தோடு திரும்பாமற்போனார். அரசரின் சிறிய தந்தையார் முடியை விரும்பித் தென்கரையில் படை திரட்டினார். குழந்தை பிறந்த அன்றே, கண்ணும் சரியாகத் திறக்காத முகத்தில், வெள்ளரிப்பிஞ்சு போன்ற நெற்றியில் அமைச்சர்கள் பொற்பட்டம் கட்டினார்கள். முடிசூடியவரை இயற்பெயரால் அழைப்பது அவர் முடியை மறுப்பதாகும் என்பது செங்கழிச் சட்டம். ஆகவே பெயர்சூட்டு விழா நடக்கவில்லை. பெற்றவளும் அரசே என்றே அழைத்தாள். ஒருமுறை அரசர் மாடிப்படியில் உருண்டு விழுந்தபோது தேவியார் ஐயோ என்று அலறி ஓடியவர், அதற்குப்பின் சொல்ல ஒரு பெயரில்லாமல் வாய் திறந்தபடியே நின்றதை இந்த ஓலைக்காரன் கண்டிருக்கிறான். அன்று அவனுக்கு இரவுச் சோறு இறங்கவில்லை.

இனி அரசர் பள்ளியிலிருந்து திரும்பியபின் நண்பகலில் நடந்தது. அரசர் வாய்ச்சொல் அரசர் வாயாலேயே மீளவேண்டும், அன்னையாரும் மீட்கலாகாது. தத்தையை விடுவிக்கச் சொல்லி அமைச்சர்கள் அரசரை வேண்டினார்கள். அரசர் முற்றத்தில் நின்ற பல்லக்கினுள் ஏறித் திரையை இழுத்துக்கொண்டு, மாட்டோம் என்றார். அதற்குள் ஊர் பரபரத்துப்போயிற்று. பெற்றோர் பள்ளிக்கு ஓடித் தத்தம் பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனார்கள். வாய் தவறிக் கேட்டால் சிறை என்றால் எந்தத் தாய் அனுப்புவாள்? ஆசான் ஓலை வந்ததும் அவ்வேளையில்தான்.

பேரமைச்சர் காவிதியார் ஒரு வழி சொன்னார். மாலைக்குள் பணியாரம் காட்டி அரசரை இணங்கச் செய்து சிறுமியை அனுப்பிவிடலாம். நாளைமுதல் ஆசானையே அரண்மனைக்கு வரவழைத்துத் தனியே கற்பிக்கச் செய்யலாம். பெயர் என்னும் பேச்சை எடுத்தால் தென்கரையார் காதுக்குப் போகும், போனால் வேந்தர் தம் முடியைத் தாமே இறக்கினார் என்று படையோடு வருவார்கள் என்றார். அதில் பிழை ஒன்றுமில்லை. தேவியார் ஆகட்டும் என்று சொல்ல வாயெடுத்தார்.

அந்நேரம் வாயிலில் தத்தையின் தாய் சாத்தி வந்து நின்றாள். கையில் கஞ்சிக் கலயம், காலில் உப்பளத்துச் சேறு. தேவியார் தாமே இறங்கிப் போனார். அவள் விழுந்து கும்பிடவுமில்லை, கூச்சலிடவுமில்லை. "எம்மவளுக்கு வாய் கொஞ்சம் நீளம் தாயே, நானே ஒத்துக்கறேன். ஆனா விளையாடக் கூப்பிடணும்னா பேரு தெரியணுமில்ல? அதுக்குத்தான் அது கேட்டிருக்கும்" என்றாள். பிறகு தேவியாரை நிமிர்ந்து பார்த்து, "தப்பா நினைக்காதீங்க. நெசமாவே நீங்க என்னன்னுதான் கூப்பிடுவீங்க?" என்றாள்.

தேவியார் கலயத்தைத் தம் கையில் வாங்கினார். காவற்கூடத்துக்கு அனுப்பினார். நேரே முற்றத்துக்கு வந்து, பல்லக்கின் திரையை விலக்கி, உள்ளே ஏறி அமர்ந்தார்.

அரசர் வாயில் ஆணை எப்போது வரும் என்று தெரியாதாகையால் ஓலைக்காரன் அருகிலேயே நிற்கக் கடமைப்பட்டவன். ஆகவே உள்ளே பேசியது அவன் காதில் விழுந்தது. அரசர் அழுது ஓய்ந்த குரலில், "எம் யானைக்குப் பெயர் இருக்கிறது. தத்தைக்கும் இருக்கிறது. எம் பெயரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? கருவூலத்திலா?" என்றார். தேவியார், இல்லை, என்னிடந்தான் இருக்கிறது என்றார். பிறகு அவர் குழந்தையின் காதில் சொன்னது வெளியே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லுங்கள் என்று அரசர் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. இன்னொரு முறையும் கேட்டார். தேவியார் கருவுற்ற நாளில் மனத்துக்குள் வைத்து, ஒரு நாளும் உதட்டுக்கு வராத பெயர் அது.

"யாம் இதை வெளியே கொண்டுபோகலாமா?" என்று அரசர் கேட்டார்.

தென்கரைப் படை தேவியார் கண்முன் வந்திருக்கும். வராதிருக்க அவர் கல்லா? பல்லக்கின் மரச்சட்டத்தை அவர் விரல்கள் தட்டிக்கொண்டேயிருந்தன. கடைசியில், "கொண்டுபோ" என்றார். கொண்டுபோக அருள்க என்றல்ல. ஆறு ஆண்டில் தம் பிள்ளையிடம் தேவியார் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. ஓலைக்காரன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அரசர் தாமே நடந்து காவற்கூடத்துக்குப் போனார். தத்தை கஞ்சியில் பாதியைக் காவலருக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் வீட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அரசர் வாசலில் நின்று தம் பெயரை அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமில்ல" என்று தத்தை எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். பிறகு, "நாளைக்குப் பள்ளிக்கூடம் வருவியா?" என்றாள். "வருவோம்" என்றார் அரசர். "எத்தனை பேரு?" என்றாள் அவள். அரசர் சற்று யோசித்து, தாம் மட்டுந்தான் என்றார். இருவரும் வெளியே நடந்தார்கள். விடுதலை ஆணை முறைப்படி இன்னும் சொல்லப்படவில்லையே, தடுப்பதா விடுவதா என்று காவலர் ஓலைக்காரனைக் கேட்டார்கள். அப்போது ஓலைக்காரனுக்குக் காது கேட்கவில்லை.

அப்பெயரை ஓலையில் எழுதவேண்டாம், வாய்ச்சொல்லாய் அனுப்பினால் போதும் என்று காவிதியார் இப்போதும் தடுக்கிறார். ஒரு குழந்தையைச் சோறுண்ணக் கூப்பிட்டதும் கழன்றுவிழும் முடியானால், அது என்றைக்கோ ஒருநாள் விழத்தான் போகிறது, அதற்காக இன்னும் எத்தனை காலம் பிள்ளையைப் பட்டினி போடுவது என்று தேவியார் கேட்டார். அச்சம் போய்விட்டது என்று ஆசான் எண்ணவேண்டாம். தென்கரை எல்லைக்கு இன்றே காவல் கூட்டப்பட்டது. இதைச் சொல்லும்போதும் தேவியார் ஓரிடத்தில் அமரவில்லை. சாளரத்துக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே சொல்கிறார். ஓலைக்காரனுக்குக் கழுத்து வலிக்கிறது.

ஆகையால் இருகரையும் அறிய இடப்படும் ஆணையாவது: பள்ளி வேலிக்குள் அரசர் சொல் ஆணையாகாது, அது பிள்ளை சொல்லே. காவலர் குளத்தின் மறுகரையிலேயே நிற்பார்கள். உள்ளிருந்து எது கேட்டாலும், அழுகுரலே ஆனாலும், ஆசான் அழையாமல் வேலி தாண்டார்கள். தத்தை முன்பு இருந்த இடத்திலேயே இருப்பாள், கேட்க நினைத்ததைக் கேட்பாள். பிள்ளைகளை அஞ்சாமல் அனுப்பும்படி இன்று மாலையே வீடு வீடாகச் சொல்லப்படும். சாத்தி வீட்டுக்குத் தேவியாரே போய்ச் சொல்வார். ஆசான் நாளைக் காலை பள்ளியைத் திறந்து, பாதியில் நின்ற ஏட்டை ஒதுக்கிவைத்து, புதிய ஏட்டில் இப்பெயரைக் கீறிக் கொடுக்கக் கடவர்: சேந்தன். பட்டமில்லை, அடைமொழியில்லை. இவ்வாணையை மாற்றுவார் உண்டாயின், அவர் தம் வீட்டுப் பிள்ளைகள் முன்னிலையில் காரணம் சொல்லக் கடவர். செங்கழி இலச்சினை இடப்பட்டது.

இலச்சினை இட்டபின் தேவியார் நடப்பதை நிறுத்தி, இன்னும் ஒன்று எழுது, இது ஆணையன்று, வேண்டுகோள் என்றார். தேவியார் சொன்னபடியே, அரசரை அவர் என்று எழுதப்போன கையை அவன் என்று திருத்திக்கொண்டு, எழுதப்படுகிறது:

நாளைக்கு அவனைச் சேந்தா என்று கூப்பிடுங்கள். முதல் தடவை அவன் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெயர் அவனுக்கு இன்றைக்குத்தான் கிடைத்தது. இன்னொரு தடவை கூப்பிடுங்கள்.