இடது பக்கம் தேடிய பெண்

அன்பு மகள் ரெனிதாவுக்கு அப்பா ஆவடியிலிருந்து எழுதுவது. நீயும் மாப்பிள்ளை யூஜினும் அங்கே சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நானும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை கை வரமாட்டேன் என்கிறது.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் ஓர் அறிவிப்பு வாசித்தார். பக்கத்து ஆஸ்பத்திரியில் சிறுநீரக டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் கட்டிலருகிலேயே ஸ்கேன் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்களாம், படுத்துக் காட்ட நோயில்லாத ஆள் வேண்டுமாம். நீயும் அந்த ஊரில் இதைத்தானே சொல்லிக்கொடுக்கிறாய், மகள் வேலையைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று போய்ப் படுத்தேன். எனக்குச் சிறுநீரகம் ஒன்றுதான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சௌம்யா என்று ஒரு பெண் சில்லென்று ஜெல்லைத் தடவி இடது பக்கம் தேடு தேடென்று தேடினாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேட்டியைக் கொஞ்சம் இறக்கச் சொல்லியிருந்தால் இடதை எடுத்த தழும்பு அடிவயிற்றில் தெரிந்திருக்கும். எனக்கு முதலில் சிரிப்புதான். அவள் கண் கலங்கி, எனக்குத்தான் பார்க்கத் தெரியல போல சார் என்றதும் மனசு கேட்கவில்லை. அது இங்க இல்லம்மா, என் சம்சாரத்தோட முத்தாபுதுப்பேட்டை கல்லறையில கீது என்றேன்.

சொன்னேனே ஒழிய அன்றிலிருந்து நிம்மதி போச்சு. அம்மாவுக்கு நின்றது இதயம்தான், நான் கொடுத்தது கடைசிவரை ஒழுங்காக வேலை செய்தது என்று டாக்டர் சொன்னாரே. அப்படியென்றால் உயிரோடு இருந்ததையா மண்ணில் வைத்தோம்? பகலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் இடது விலாவில் யாரோ இழுக்கிறார்கள். அடுக்களையில் அவள் இருமல் கேட்கிறது, இதோ வரேன் ஆரோக்கியம் என்று பதிலும் சொல்லிவிடுகிறேன். இன்னாண்ணே, யார்கிட்ட பேசிகினு கீற என்று பக்கத்து வீட்டு சபீனா எட்டிப்பார்க்கிறாள்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்தப் பெண் வலது பக்கமும் பார்த்தாள். இருக்கிற ஒன்றும் வீங்கியிருக்கிறது, மூத்திரம் இறங்கும் வழியில் அடைப்பு, அடுத்த வாரம் ஆபரேஷன். உன் அம்மாமேல் உயிரையே வைத்திருந்தவன்தான், ஆனாலும் எனக்கு இப்போது போக மனசில்லை மகளே. பயமாக இருக்கிறது. நீ வந்து கட்டில் பக்கத்தில் நில். நீ இருந்தால், அம்மா தன் மகளைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள், என்னைக் கூட்டிப்போக இல்லை என்று நினைத்துக்கொண்டு மயக்க ஊசிக்குக் கண்ணை மூடுவேன்.

மாதா உங்கள் இருவருக்கும் துணையிருப்பாளாக. டிக்கெட் போட்டதும் போன் பண்ணு.

உன் அப்பா,
ஜெயபால்