நீ குடித்திருந்தாயாம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை காபி டம்ளரை வாயில் வைக்கும்போது மகள் அனுப்பிய வீடியோ போனில் வந்து விழுந்தது. மாதாப்பூரில் அவளோடு வேலை பார்க்கும் யாரோ காட்டினார்களாம். "அப்பா, இது உங்க ஃப்ரெண்டு செத்துப்போன மேட்ச்தானே?" என்று கேட்டிருந்தாள். நம் ஃபுட்பால் மைதானத்து விபத்தைப் பற்றி எவனோ ஆவணப்படம் எடுத்திருக்கிறான். முக்கால் மணி நேரம். பின்னணியில் சோகமாகப் புல்லாங்குழல் வேறு. பார்த்து முடிப்பதற்குள் காபி ஆறி ஆடை கட்டிவிட்டது.

படத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதற்குக் கீழே பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்களே, அதைப் படித்து எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. டிக்கெட் இல்லாமல் புகுந்த கும்பலாம். நம் ஜனங்களுக்கு வரிசையில் நிற்கவே தெரியாதாம். ஒருத்தன் அந்தப் புல்லாங்குழலை வாசித்தது யார் என்று விசாரிக்கிறான். இன்னொருத்தன், கேட்டுக்குப் பக்கத்தில் செத்தவர்கள் எல்லாம் குடித்துவிட்டு முண்டியடித்தவர்கள் என்று எழுதி, சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறான். அதற்கு எத்தனை பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? கேட்டுக்குப் பக்கத்தில் செத்தது நீ. ஆக, நீ குடித்திருந்தாயாம்! மஞ்சள் காமாலை வந்த பிறகு மோர் குடிக்கவே டாக்டரைக் கேட்ட ஆள் நீ. கல்யாண வீட்டில் எவனாவது பாட்டிலை நீட்டினால், "நக்கோ பாய், நக்கோ", வேண்டாம் வேண்டாம் என்று என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொள்வாய். பாவிகளா, யாரைப் பார்த்து என்ன பேச்சு பேசுகிறீர்கள் என்று போனைப் பார்த்தே கத்தினேன்.

ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த முதல் வாரமே நம் இரண்டு பேருக்கும் மண்டையில் ஏற்றிவிட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? ரயில் பெட்டிக்கு அடியில் ஆள் இறங்கினால் சிவப்புக் கொடி நட வேண்டும். நட்டவன்தான் அதை எடுக்க வேண்டும். பெரிய அதிகாரியே வந்து நின்றாலும் இன்னொருத்தன் தொடக்கூடாது. ஒரு தடவை நீ அடியில் படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தாய். எஞ்சின் வந்துவிட்டது, கொடியை எடு என்று சூப்பர்வைசர் என்மேல் பாய்ந்தார். அது உன் கொடி. நான் தொடவில்லை. நீ வெளியே வந்து முகத்துக் கிரீஸைத் துடைத்தபடி, "நீ வெளிய நிக்கிறேன்னா நான் அடியில தூங்கக்கூட செய்வேன்டா" என்றாய். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கு எனக்கு என்மேலேயே கோபம் கோபமாக வருகிறது.

ஏனென்றால் அன்றைக்கும் வெளியே நின்றது நான்தான். ஃபைனல் மேட்ச். வாலண்டியர் பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு கிழக்கு கேலரி கேட்டில் நின்றேன். டிக்கெட் இல்லாதவர்கள் நுழைந்துவிடக்கூடாது என்று மேட்ச் நடத்திய சங்கத்துச் செயலாளர் தன் கையால் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்து, தான் சொல்லாமல் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் பாதியில் மழை பிடித்தது. மேலே பலகைகள் முறிந்து சரிய, மொத்தக் கேலரியும் படியிறங்கி அந்த ஒரே கேட்டுக்கு வந்தது. டிக்கெட் வாங்கி உள்ளே போன நீதான் முதல் ஆளாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"திறடா! சும்மா கைக்கு நிக்கிறே?" ஏன் நிற்கிறாய் என்று நம் ஊர்க் கலப்புப் பேச்சில் கத்தினாய்.

"செக்ரட்டரி பூட்டினதுடா. அவரு சொல்லணும்."

வேறு எவனாக இருந்தாலும் என் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டியிருப்பான். நீயும் கொடி நட்டுப் பழகியவன், அதனால் உடனே புரிந்துகொண்டாய். "சரி ஓடு, சீக்கிரம் கேட்டுட்டு வா" என்றாய். பின்னால் இருந்தவர்களைப் பார்த்து, "தக்கா நக்கோ தேவ், சாபி ஆரி!" என்று கத்தினாய். தள்ளாதீர்கள், சாவி வருகிறது என்று. சாவி என் சட்டைப் பையில் இருந்தது! பையில் சாவியை வைத்துக்கொண்டு, பூட்டைத் திறக்க அனுமதி கேட்டு மைதானத்தின் மறுகோடிக்கு ஓடினேன். ஷாமியானாவில் விருந்தாளிகளோடு சமோசா தின்றுகொண்டிருந்த செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "அரே, யே பூச்னே கைக்கு ஆயா? ஜா, கோல்!" இதைக் கேட்கவா வந்தாய், போய்த் திற என்றார்.

நான் திரும்பி வந்தபோது நீ கம்பியோடு கம்பியாக நின்றுகொண்டிருந்தாய். பின்னால் இருந்த நெரிசல் உன்னை விழக்கூட விடவில்லை. கண் திறந்திருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் செயலாளர் மெட்டுகுடாவில் என் குவார்ட்டர்ஸுக்கே வந்தார். பூட்டு என்ற வார்த்தை வாயில் வந்தால் இரண்டு பேருக்கும் ஜெயில்தான் என்றார். நான் பயந்தாங்கொள்ளி. கேட் திறந்துதான் இருந்தது, ஜனங்கள் தள்ளியதில் விழுந்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வாக்குமூலத்தைத்தான் படத்தில் ஒரு கனத்த குரல் வாசிக்கிறது. பெயர் சொல்லவில்லை, 'வாசலில் நின்ற தொண்டர்' என்கிறது. திறந்த வாசலில் ஒருத்தரை ஒருத்தர் நசுக்கிச் செத்தார்கள் என்றால் கேட்கிறவன் என்ன நினைப்பான்? குடித்திருப்பார்கள் என்றுதான் நினைப்பான். சிரிக்கிற பொம்மை போட்டானே, அந்த வெட்கங்கெட்டவனுக்கு அதை எடுத்துக் கொடுத்தவனே நான்தான்.

வீடியோ பார்த்த அன்று மத்தியானமே லோத்குண்டாவிலிருந்து உன் வீட்டுக்காரி போன் செய்தாள். மருமகள் எல்லாவற்றையும் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"அண்ணா, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவீங்களா? அன்னிக்கு அவரு குடிச்சிருந்தாரா?"

உன்னோடு குடித்தனம் நடத்தியவள்! காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்து ஊட்டியவள்! அவளையே சந்தேகப்பட வைத்துவிட்டார்கள் படுபாவிகள். படுபாவிகள் என்ன படுபாவிகள், நான்.

"இல்லம்மா. கேட் பூட்டியிருந்துச்சு. சாவி என்கிட்டதான் இருந்துச்சு. திறக்காம ஓடிட்டேன். அப்புறம் பொய்யும் சொல்லிட்டேன்."

"இத அங்க எழுதுங்க. உங்க பேரப் போட்டு எழுதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எழுதினேன். முழுப் பெயரோடு எழுதினேன். அதிலிருந்து கொலைகாரன், கோழை, இவனைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று வந்துகொண்டே இருக்கிறது. மகள் பதறிப்போய், "அப்பா, ப்ளீஸ், டிலீட் பண்ணிடுங்க" என்று அழுதாள். முடியாது என்றேன். விசாரணை மறுபடி வந்தால் வரட்டும். இந்த நாலு நாளாக உன்னைக் குடிகாரன் என்று ஒருத்தனும் எழுதவில்லை. திட்டெல்லாம் இப்போதுதான் சரியான ஆளுக்கு வருகிறது.

நேற்று மனசு கேட்காமல் லோத்குண்டாவுக்கு நானே போன் செய்தேன். எடுத்தாள். உன் கல்யாணத்தில் நான் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற நாளிலிருந்து வாய்க்கு வாய் அண்ணா என்று கூப்பிட்டவள், "சொல்லுங்க" என்றாள். அவள் வைக்கும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். இனி நான் சாகும்வரைக்கும் அந்தச் "சொல்லுங்க" என்னோடு இருக்கும்டா.