மத்தியக் குழு பார்த்த வயல்

டிச. 11, வியாழன்

காலையில் தூறல், பிறகு வெயில். ஊத்துக்கோட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் மேட்டுக்கண்டிகை. வெள்ளம் வடிந்துவிட்டது. விவசாயி முனிரத்தினத்தின் சம்பா மொத்தமும் சாய்ந்து, கதிர் சேற்றிலேயே முளைவிட்டிருக்கிறது. அழுகல் நாற்றம். வரப்பில் அவரை நிற்கவைத்து, கையில் முளைத்த கதிரோடு படம் எடுத்தேன்.

மேட்டு நிலத்தில் அடுத்த பட்டமான நவரைக்கு நாற்று விட்டிருக்கிறார். அழிந்ததை உழுது நடவேண்டும். ஆனால் கிராம நிர்வாக அலுவலர் சொல்லியிருக்கிறார்: டெல்லியிலிருந்து மத்தியக் குழு வந்து பார்க்குமுன் உழவு ஓட்டினால், நிவாரணத்துக்கு என்னிடம் வராதே.

"ஓட்டிட்டா சாட்சி பூடும் சார். ஓட்டலன்னா நாத்து முத்திப் பூடும். பேஜாராக் கீது. டெல்லி குயு வருமா, வராதா?"

அவர் மனைவி கஸ்தூரி: "அவுரு பேப்பர்காரரு. ஜோசியரா இன்னா?"

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

டிச. 12, வெள்ளி

தனசேகருக்குப் போன். வருவாய்த் துறை. திருவள்ளூரில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து பழக்கம். என் மகள் கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறியவர். குழு எங்கெங்கே போகும் என்ற பட்டியலைத் தயாரிப்பது இப்போது அவர்தான்.

"மேட்டுக்கண்டிகை இருக்குண்ணே. நான்தானே சேர்த்தேன். உழவேணாம்னு சொல்லுங்க. அப்புறம், நீங்க எடுத்த போட்டோ அனுப்புங்க, ஃபைலுக்கு வேணும்."

அனுப்பினேன். முனிரத்தினத்திடம் உழவேண்டாம் என்றேன்.

வாங்க: பிரஷர் மாத்திரை, டார்ச்சுக்கு பேட்டரி.

டிச. 15, திங்கள்

நல்ல வெயில். யார் எதற்குப் பொறுப்பு என்று கட்டுரைக்காக நாள் முழுக்க அலைச்சல். ஊராட்சித் தலைவர்: கணக்கெடுப்பது தாலுகா. தாலுகா: தொகை அறிவிப்பது கோட்டை, தலைமைச் செயலகம். கோட்டை: மத்தியக் குழு பார்த்துவிட்டுப் போகட்டும். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எழுதச் சிரமம்.

சாயங்காலம் கஸ்தூரி போன். "பக்கத்துக் கயனிக்காரன் நடவே முடிச்சிட்டான் சார். எங்க ஊட்டுக்காரரு உங்க பேச்சக் கேட்டுக்கினு வரப்புல குந்திக்கினு கீறாரு."

டிச. 18, வியாழன்

குழுவின் வருகை தள்ளிப்போனது. நாற்றின் நுனி பழுக்கத் தொடங்கிவிட்டது. இன்றைக்கே உழுதுவிடட்டுமா என்று முனிரத்தினம் கேட்டார். தனசேகரை மறுபடி கேட்டேன்.

"என்னண்ணே, என்னையே நம்பலியா?"

நம்பினேன். முனிரத்தினத்திடம் சொன்னேன்.

டிச. 22, திங்கள்

குழு வரும் நாள். ஊராட்சி ஆட்கள் விடியும்போதே பாதையில் செம்மண் கொட்டினார்கள். கஸ்தூரி ஒரு பானை மோர் கரைத்து வைத்திருந்தார். பெண்கள் அழுகிய கதிரைக் கட்டுக்கட்டாகப் பிடுங்கி வரப்பில் அடுக்கினார்கள், அதிகாரிகள் கையில் கொடுக்க.

மதியம் தாண்டியும் யாரும் வரவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம், நெடுஞ்சாலை ஓரத்தில் குழு நிற்பதாகத் தகவல். முனிரத்தினத்தின் பைக்கில் போனோம். அதற்குள் போய்விட்டார்கள். பந்தலை ஆட்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வெள்ளச் சேதப் புகைப்படக் கண்காட்சி. நடுவில், ஆள் உயர ஃப்ளெக்ஸில், முனிரத்தினம். கையில் முளைத்த கதிர். நான் எடுத்த படம்.

பந்தல்காரரிடம் இடம் எப்போது முடிவானது என்று கேட்டேன்.

"போன வாரம் ஆரம்பத்துலயே அட்வான்ஸ் குட்த்தாங்கோ சார். வண்டிங்க நிக்கத் தோதான எடம் இது."

வியாழக்கிழமை தனசேகர் "நம்பலியா" என்று கேட்டபோது அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது.

முனிரத்தினம் தன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லா வந்துகீது சார். படமே போதும்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் நட்டிருப்பேன்."

தனசேகர் போனை எடுத்தார். குரலில் தயக்கமே இல்லை. "ரோட்டோரமே போதும்னு மேலயே முடிவுண்ணே. வெளிய தெரிஞ்சா ஊருங்க மறியலுக்கு வந்துடும். உங்ககிட்ட சொன்னா எழுதிடுவீங்க. வேற என்ன பண்ண சொல்றீங்க? ஆனா உங்க போட்டோ முன்னாலதான் ரொம்ப நேரம் நின்னாங்க, தெரியுமா?"

போனை வைத்துவிட்டேன். அத்தனை வருடத்தில் முதல்முறையாக என்னை நிருபராக மட்டும் நினைத்திருக்கிறார். அதையும் என்னிடம் சொல்லாமல்.

டிச. 23, செவ்வாய்

பனி. தனசேகரிடமிருந்து செய்தி: புது வருட டைரி எடுத்து வைத்திருக்கிறாராம். நான் எழுதும் இந்த டைரியும் அவர் கொடுத்ததுதான்.

மேட்டுக்கண்டிகை போனேன். டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அழுகியதை மடக்கி உழ மட்டும்; நடுவதற்கு இல்லை, நாற்று முற்றிவிட்டது. நாற்றங்காலில் கஸ்தூரி அரிவாளோடு குனிந்து, மாட்டுக்காக நாற்றை அறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க சார். இத்த போட்டோ புடிக்கலியா?"

கேமரா தோளில்தான் இருந்தது.